பெயர் எந்த பில்லில் போய் விழுந்தது?

கேள்வி: ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டிக்கு விபி டாட்நெட் என்ற ப்ரோக்ராம் மொழியில் பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிக்கொண்டிருக்கிறேன். பில் ஃபார்மில் (பில் போடும் திரையில்) எஃப்2 அழுத்தினால் பார்ட்டி தேடும் ஃபார்ம் வருகிறது. அதிலுள்ள கிரிட்டில் (பட்டியலில்) ஒரு வரியில் நின்று என்டர் அடித்தால் பார்ட்டி பெயர் பில்லுக்கு வர வேண்டும். வரவில்லை, எரரும் இல்லை. தேடும் ஃபார்மிலிருந்தே பில் ஃபார்மின் பெயரைச் சொல்லி, அதன் டெக்ஸ்ட்பாக்ஸில் (பெயர் வரும் கட்டத்தில்) நேராக எழுதியிருக்கிறேன். மூன்று நாளாக இதிலேயே நிற்கிறேன்.

பதில்: பெயர் ஒரு பில்லுக்குப் போயிருக்கிறது. அது உங்கள் கண்முன் இருக்கும் பில் இல்லை.

மெனுவிலிருந்து பில் ஃபார்மை 'நியூ' போட்டு உருவாக்கி, 'ஷோ' கொடுத்துத் திறக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அது ஒரு பில். தேடும் ஃபார்மில் வெறுமனே பில் ஃபார்மின் பெயரை எழுதியதும், விபி யாரையும் கேட்காமல் இன்னொரு பில்லை உருவாக்கிக்கொள்கிறது. டீஃபால்ட் இன்ஸ்டன்ஸ் என்பார்கள். டாட்நெட்டுக்கு முந்தைய விபி 6-இல் எல்லோரும் பழகியது. 2002-இல் டாட்நெட் வந்தபோது இதை எடுத்துவிட்டார்கள். 2005 பதிப்பில் திரும்பக் கொண்டுவந்தார்கள். கொண்டுவராமலே இருந்திருக்கலாம் என்பது என் எண்ணம். சி ஷார்ப் என்ற டாட்நெட்டின் இன்னொரு மொழியில் இதே வரியை எழுதினால், ப்ரோக்ராமை ஓட்டுவதற்கு முன்பே கம்பைலர் தடுத்துவிடும், உங்களுக்கு மூன்று நாள் மிச்சமாகியிருக்கும்.

ஒரு சோதனை செய்யுங்கள். பெயர் எழுதும் வரிக்குக் கீழே, அதே ஃபார்ம் பெயரைப் போட்டு 'ஷோ' கொடுங்கள். இரண்டாவதாக ஒரு பில் திரையில் வரும். நீங்கள் தேர்ந்தெடுத்த பார்ட்டி அதில் உட்கார்ந்திருப்பார்.

சரி, எப்படி எழுதுவது? தேடும் ஃபார்முக்குத் தன்னைத் திறந்தது யார் என்றே தெரியக்கூடாது. இன்று பில் திறக்கிறது, நாளை ரசீது ஃபார்மும் லெட்ஜர் ரிப்போர்ட்டும் அதே ஃபார்மைத் திறக்கும். பில் ஃபார்மின் டெக்ஸ்ட்பாக்ஸ் பெயரை அதற்குள் எழுதி வைத்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு 'இஃப்' சேர்த்துக்கொண்டே போவீர்கள். அதனால் தேடும் ஃபார்மில் 'தேர்ந்தெடுத்த கோடு' என்று ஒரு ப்ராப்பர்ட்டி (வெளியிலிருந்து படிக்கக்கூடிய மதிப்பு) மட்டும் வையுங்கள். கோடு என்பது ஒவ்வொரு பார்ட்டிக்கும் தனியாகக் கொடுத்திருக்கும் அடையாளக் குறியீடு. என்டர் அடித்ததும் கிரிட் வரியின் கோடை அதில் போட்டு, ஃபார்ம் எப்படி மூடியது என்று சொல்லும் டயலாக்ரிசல்ட்டை 'ஓகே' ஆக்குங்கள். ஷோடயலாக்கில் (மூடும் வரை மற்ற ஃபார்மைத் தொடவிடாத முறையில்) திறந்த ஃபார்ம் அத்துடன் தானாக மூடிக்கொள்ளும். எக்ஸ் குறியைத் தட்டி மூடினால் 'கேன்சல்' வரும்.

பில் ஃபார்ம் பக்கம்: 'யூஸிங்' போட்டு புதிய தேடும் ஃபார்மை உருவாக்குங்கள், ஷோடயலாக் 'ஓகே' என்று சொன்னால் மட்டும் ப்ராப்பர்ட்டியைப் படியுங்கள். மூடிய ஃபார்மிலிருந்து எப்படிப் படிப்பது என்று தோன்றும். ஷோடயலாக்கில் திறந்த ஃபார்ம் மூடும்போது மறைந்துதான் போகிறது, அழிவதில்லை. 'யூஸிங்' முடியும் இடத்தில்தான் அழிகிறது. அதற்குள் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம்.

'கேன்சல்' விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். ஏற்கனவே பார்ட்டி போட்ட பில்லில் தெரியாமல் எஃப்2 அழுத்திவிட்டு, எஸ்கேப் அடித்து வெளியே வருவார்கள். ரிசல்ட்டைப் பார்க்காமல் ப்ராப்பர்ட்டியைப் படித்தால் இருந்த பார்ட்டியும் காலியாகிவிடும். எஸ்கேப் வேலை செய்ய, தேடும் ஃபார்மில் கேன்சல் பட்டன் எது என்று குறித்து வையுங்கள்.

பில்லிலிருந்து தேடும் ஃபார்முக்கு எதையாவது கொடுத்தனுப்ப வேண்டுமென்றால் 'நியூ'விலேயே கொடுங்கள். பில்லில் 'மு' என்று அடித்துவிட்டு எஃப்2 அழுத்தினால் 'மு'வில் தொடங்கும் பார்ட்டிகள் மட்டும் வருவது மண்டியில் பில் போடுகிறவருக்குப் பெரிய உதவி.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. பெயரை அனுப்பாதீர்கள், கோடை அனுப்புங்கள். ஒரே பெயரில் ஈரோட்டில் ஒரு கடை, பாலக்காட்டில் ஒரு கடை இருக்கும். ஜிஎஸ்டி எண்ணின் 15 எழுத்துகளில் முதல் இரண்டு மாநிலத்தைக் காட்டுபவை: தமிழ்நாடு 33, கேரளா 32. உள்ளூர் கடைக்கு வரி சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று இரண்டாகப் பிரியும். பாலக்காட்டுக்கு அனுப்பும் சரக்குக்கு ஐஜிஎஸ்டி. பெயரை மட்டும் வாங்கிக்கொண்டு பில் ஃபார்ம் மறுபடி டேட்டாபேஸில் அந்தப் பெயரைத் தேடினால், முதலில் அகப்பட்ட கடையை எடுத்துக்கொள்ளும். பெயர் சரியாக இருக்கும், வரி தப்பாக இருக்கும். கோடு வந்தால் பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண் எல்லாவற்றையும் அந்தக் கோடை வைத்தே எடுக்கலாம்.

கேள்வி: இவ்வளவு எதற்கு? ஒரு மாட்யூலில் (ஃபார்ம்களுக்கு வெளியே உள்ள பொதுவான ஃபைலில்) பப்ளிக் வேரியபிள் வைத்தால் எல்லா ஃபார்மிலும் கிடைக்குமே? எங்கள் அலுவலகத்தில் அப்படித்தான் எழுதுகிறோம். – சேலம் வாசகர்

பதில்: நானும் அப்படித்தான் எழுதினேன். 2006-இல் ஒரு ஜவுளி மொத்தக் கடைக்கு நான் எழுதிய சாஃப்ட்வேரில், தேர்ந்தெடுத்த பார்ட்டி கோடு இதே போன்ற ஒரு பொதுவான, அதாவது குளோபல் வேரியபிளில் இருந்தது. நான் சோதித்தபோதெல்லாம் ஒரு நேரத்தில் ஒரு பில்தான் போட்டேன். கடையில் அப்படி நடப்பதில்லை. பாதி பில் போட்டுக்கொண்டிருக்கும்போது போன் வரும். எடுத்தவர் அந்த பில்லை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் இன்னொரு பில்லைத் திறந்து வேறு பார்ட்டியைப் போடுவார். அதை முடித்துவிட்டு முதல் பில்லுக்குத் திரும்பி சேவ் கொடுப்பார். திரையில் முதல் பார்ட்டியின் பெயர்தான் இருக்கும். ஆனால் சேவ் எடுத்துக்கொண்டது குளோபலில் கடைசியாக விழுந்த கோடை. சரக்கு ஒருவருக்குப் போனது, பற்று இன்னொருவர் லெட்ஜரில் ஏறியது.

மாதக் கடைசியில் ஒரு பார்ட்டி, "இந்தச் சரக்கு நான் வாங்கவே இல்லை" என்று பாக்கியைத் தர மறுத்தபோதுதான் தெரிந்தது. கணக்குப்பிள்ளை, வயதில் என் அப்பாவைப் போன்றவர், அந்த மாதத்து பில் புத்தகத்தையும் லெட்ஜரையும் இரண்டு நாள் வரி வரியாக ஒத்துப்பார்த்தார். மொத்தம் 4 பில்கள். கடைக்காரர் பார்ட்டியிடம் மன்னிப்புக் கேட்டார், தப்பு என்னுடையது. அன்றிலிருந்து பில்லுக்குச் சொந்தமான எதையும் பில் ஃபார்முக்கு வெளியே வைப்பதில்லை.

குளோபலில் வைக்கக்கூடியது ஒன்று உண்டு: லாகின் செய்த யூசர். நிதியாண்டையும் அங்கேதான் வைக்கிறோம், ஆனால் ஏப்ரல் மாதத்தில் பழைய ஆண்டு பில்லைத் திருத்த ஒருவர் ஆண்டை மாற்றுவார். அப்போது திறந்திருக்கும் மற்ற ஃபார்ம்களின் கதி என்ன என்று யோசித்துவிட்டு வையுங்கள். ஃபார்ம் திறக்கும்போதே ஆண்டைத் தனக்கென்று எடுத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: ஸ்டாக் ஃபார்மும் பில் ஃபார்மும் பக்கத்தில் பக்கத்தில் திறந்தே இருக்க வேண்டும். ஸ்டாக்கில் விலை மாற்றினால் பில்லிலும் மாற வேண்டும். ஷோடயலாக் இதற்கு ஒத்துவராதே? – திருப்பூர் வாசகர்

பதில்: ஒத்துவராது. ஸ்டாக் ஃபார்மில் 'விலை மாறியது' என்று ஓர் ஈவென்ட் (மற்ற ஃபார்ம்களுக்கான அறிவிப்பு) வைத்து, பொருளின் கோடை அதனுடன் அனுப்புங்கள். கேட்க வேண்டிய ஃபார்ம்கள் 'ஆட்ஹேண்ட்லர்' போட்டுக் கேட்டுக்கொள்ளட்டும். பில் மூடும்போது, கேட்பதை நிறுத்தும் 'ரிமூவ்ஹேண்ட்லர்' கட்டாயம். இல்லையென்றால் ஸ்டாக் ஃபார்ம் திறந்திருக்கும் வரை, மூடிய பில்கள் எல்லாம் மெமரியில் இருந்துகொண்டு அந்த ஈவென்டுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும். அப்புறம், பாதி போட்ட பில்லில் விலையைச் சத்தமில்லாமல் மாற்றாதீர்கள். பழைய விலையில் பேசி முடித்திருப்பார்கள். அந்த வரியை மஞ்சள் நிறத்தில் காட்டி, பில் போடுகிறவரைக் கேட்டு மாற்றுங்கள்.

கேள்வி: மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் டேட்டாபேஸில் இதையெல்லாம் எப்படிச் செய்வது? – நாகர்கோவில் வாசகர்

பதில்: தேடும் ஃபார்முக்கு எதையாவது அனுப்ப, அதைத் திறக்கும்போதே கொடுக்கும் ஓப்பன்ஆர்க்ஸ் இருக்கிறது. திரும்ப வாங்க, தேடும் ஃபார்மை டயலாக் முறையில் திறங்கள். ஓகே பட்டனில் அதை மூடாமல் விசிபிளை மட்டும் 'ஃபால்ஸ்' ஆக்குங்கள். பில் பக்கத்தில் நின்றிருந்த ப்ரோக்ராம் அங்கிருந்து தொடரும். ஃபார்ம் இன்னும் திறந்திருக்கிறதா என்று பாருங்கள்: இருந்தால் ஓகே, இல்லையென்றால் கேன்சல். மதிப்பை எடுத்த பிறகு நீங்களே மூடிவிடுங்கள்.