பருவுக்கு எழுதித் தந்த கிரீம்: கேள்விகளும் பதில்களும்

நான் மருந்தாளுநர். 16 வருடமாகக் கவுன்டருக்குப் பின்னால் நின்று இந்த ட்யூப்களை எடுத்துக் கொடுக்கிறேன். அதற்கு முன்னால் 8 வருடம், முகம் நிறையப் பருவோடு கவுன்டருக்கு முன்னால் நின்றவள். உங்களுக்கு வந்திருப்பது என்ன பரு, எந்த மருந்து என்று முடிவு செய்ய வேண்டியவர் தோல் மருத்துவர். சீட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போன பிறகு நடக்கும் கூத்துகள்தான் என் பாடம். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: அக்கா, ட்ரெட்டினாயின் 0.025% பூச ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. முகம் முன்னைவிட மோசமாகிவிட்டது. கண்ணாடி பார்க்கவே பிடிக்கவில்லை. நிறுத்திவிடலாமா?

பதில்: இன்னும் கொஞ்சம் பொறுங்கள். பரு என்பது இன்று காலை திடீரென்று முளைத்தது அல்ல. துளைக்குள் செத்த செல்களும் எண்ணெயும் சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத சின்ன அடைப்பாகி, அது வீங்கிச் சிவந்து வெளியே தெரியப் பல வாரம் ஆகும். ட்ரெட்டினாயின் அந்த அடைப்பைத்தான் குறிவைக்கிறது. அடுத்த மாதம் வரவேண்டியவையும் இந்த வாரமே மேலே வந்துவிடுவதால் முகம் மோசமானது போலத் தெரியும். இதைத்தான் பர்ஜிங் என்கிறார்கள். எல்லோருக்கும் வராது. வந்தால் பெரும்பாலும் முதல் ஆறு வாரத்துக்குள் அடங்கும்.

ஆனால் எல்லாவற்றையும் பர்ஜிங் கணக்கில் எழுதிவிடாதீர்கள். உங்களுக்கு வழக்கமாகப் பரு வரும் இடத்திலேயே வந்தால் சரி. இதுவரை பருவே வராத கண் ஓரத்திலும் கழுத்திலும் சிவந்து, எரிந்து, தோல் காகிதம் மாதிரி இழுத்துக்கொண்டால் அது எரிச்சல். அதற்குப் பூசுவதைக் குறைக்க வேண்டும். வீங்கினாலோ தடித்துத் தடித்து அரித்தாலோ நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

எனக்கு 19ஆம் நாள் இடது தாடையில் வரிசையாக ஏழு பரு. ட்யூபைக் குப்பையில் போட்டேன். மறுநாள் காலையில் எடுத்துத் துடைத்து வைத்துக்கொண்டேன் என்பது வேறு கதை. 12 வாரம் ஒழுங்காகப் பூசியும் மாற்றமே இல்லை என்றால்தான் மருந்து சரியில்லை என்று பேச வேண்டும். மூன்று வாரத்தில் எந்த முடிவுக்கும் வர முடியாது.

கேள்வி: பருவின் மேல் மட்டும் நன்றாகத் தடவி வைக்கிறேன். அது போகிறது, பக்கத்திலேயே இன்னொன்று வருகிறது. என்ன செய்ய?

பதில்: நீங்கள் சொன்னதிலேயே விடை இருக்கிறது. பக்கத்தில் வரப்போவதைத் தடுக்கத்தான் கிரீம். அதனால் முகம் முழுக்கப் பூச வேண்டும், மெல்லிசாக. விரல் நுனியில் ஒரு பட்டாணி அளவு எடுங்கள். நெற்றியில் ஒரு புள்ளி, இரண்டு கன்னத்திலும் ஒவ்வொன்று, மூக்கில் ஒன்று, தாடையில் ஒன்று. பிறகு பரப்புங்கள். பரப்பி முடித்ததும் முகத்தில் வெள்ளையாக எதுவும் தெரியக்கூடாது. தெரிந்தால் அதிகம் எடுத்துவிட்டீர்கள்.

முகத்துக்கு மட்டும் பூசுபவர் 20 கிராம் ட்யூபை ஒரே மாதத்தில் காலி செய்துவிட்டு அடுத்ததற்கு வந்து நின்றால் எனக்குப் புரிந்துவிடும். நிமிர்ந்து பார்த்தால் முகம் தக்காளியாக இருக்கும். இரண்டு மடங்கு பூசினால் இரண்டு மடங்கு உரியும், அவ்வளவுதான். பரு வேகமாகப் போகாது.

கேள்வி: மேடம், முகம் கழுவிய கையோடு பூசினால் தீயாய் எரிகிறது. மூக்கு ஓரமும் வாய் ஓரமும் வெடித்துவிட்டது.

பதில்: ஈரத் தோலில் ரெட்டினாய்டு (ட்ரெட்டினாயின், அடாபலீன் வகை மருந்துகள்) வேகமாக உள்ளே இறங்கும். கழுவி, ஒற்றித் துடைத்து, 20 நிமிடம் வேறு வேலை பாருங்கள். பிறகு பூசுங்கள். முதலில் மாய்ஸ்சரைசர், அதன் மேல் மருந்து, மறுபடி மாய்ஸ்சரைசர் என்று போட்டாலும் தவறில்லை. மூக்கு மடிப்பு, வாய் ஓரம், கண் ஓரம் மூன்றிலும் பெட்ரோலியம் ஜெல்லியைத் தொட்டு வைத்துவிட்டு ஆரம்பியுங்கள். முதல் சில வாரம் ஒரு இரவு விட்டு ஒரு இரவு போதும். அதுவும் தாங்கவில்லையா, வாரத்துக்கு இரண்டு இரவு.

அப்புறம், இதோடு வேறு என்ன போடுகிறீர்கள்? ஒரு பையன் இதே புகாரோடு வந்தான். கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக வெளியே வந்தது: சாலிசிலிக் அமில ஃபேஸ்வாஷ், கரகரவென்று தேய்க்கும் ஸ்க்ரப், ஆல்கஹால் கலந்த டோனர், கடைசியாக ட்ரெட்டினாயின். எல்லாம் ஒரே இரவில். "எது எரிகிறது?" என்று என்னைக் கேட்டான்! மென்மையான ஃபேஸ்வாஷ், மாய்ஸ்சரைசர், காலையில் எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன். மருந்து பழகும் வரை இந்த மூன்றைத் தவிர எதுவும் வேண்டாம் என்று அனுப்பினேன்.

கேள்வி: நீல நிறத் தலையணை உறையில் வெள்ளைத் திட்டுகள். கிரீமாலா?

பதில்: ஆமாம், கிரீமில் இருக்கும் பென்சாயில் பெராக்சைடு என்ற பரு மருந்தால். துணியை வெளுக்கும், துண்டை வெளுக்கும், புருவத்தையும் தலைமுடியையும்கூட விடாது. வெள்ளை உறைக்கு மாறுங்கள். 10% வாங்கினால் சீக்கிரம் போகும் என்று நினைக்காதீர்கள். 2.5% கிட்டத்தட்ட அதே அளவுக்கு வேலை செய்யும், எரிச்சல் குறைவு. முதுகுக்கு என்றால் கழுவிவிடும் வகையாகக் கேளுங்கள். ஐந்து நிமிடம் வைத்துக் குளித்துவிடலாம், சட்டை பிழைக்கும். ட்யூபை வெயிலில் நிற்கும் காருக்குள் போட்டு வைக்காதீர்கள், சூட்டில் அந்த மருந்து சிதையும்.

கேள்வி: கிளிண்டாமைசின் ஜெல் போன வருடம் அற்புதமாக வேலை செய்தது. பழைய சீட்டை வைத்து மறுபடி வாங்கினேன். இப்போது ஒன்றுமே நடக்கவில்லை. போலி மருந்தா?

பதில்: அப்படி இருக்க வாய்ப்பு குறைவு. கிளிண்டாமைசின் ஆன்டிபயாட்டிக். அதை மட்டும் தனியாக மாதக்கணக்கில் பூசினால் பருவில் இருக்கும் பாக்டீரியா அதற்குப் பழகிவிடும். பிறகு எத்தனை ட்யூப் பூசினாலும் அசையாது. அதனால்தான் மருத்துவர்கள் கூடவே பென்சாயில் பெராக்சைடையும் எழுதுகிறார்கள். அது ஆக்சிஜனை வெளியிட்டுக் கொல்வதால் பாக்டீரியாவால் எதிர்ப்பை வளர்த்துக்கொள்ள முடிவதில்லை. சீட்டில் இரண்டு இருந்தும் "ஜெல் மட்டும் போதும்" என்று ஒன்றை விட்டுவிட்டுப் போகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். பழைய சீட்டை மடித்து வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: அடாபலீனா, ட்ரெட்டினாயினா? எது நல்லது?

பதில்: பருவுக்கு மட்டும் என்றால் நான் அடாபலீன் பக்கம். எரிச்சல் குறைவு, வெளிச்சத்தில் சிதையாது, பென்சாயில் பெராக்சைடோடு ஒரே ட்யூபில் சேர்ந்தே வருகிறது. ட்ரெட்டினாயினின் பழைய வகைகளை அப்படிச் சேர்த்துப் பூசினால் கெட்டுவிடும். வெளிச்சமும் ஆகாது, அதனால்தான் இரவில் பூசச் சொல்கிறார்கள். அமெரிக்காவில் 2016 முதல் அடாபலீன் 0.1% ஜெல்லைச் சீட்டு இல்லாமலே விற்கிறார்கள்.

கேள்வி: ட்ரெட்டினாயினை வருடக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்துவிடும் என்கிறார்களே?

பதில்: தலைகீழ். மேலே இருக்கும் செத்த அடுக்கு மெல்லிதாகும், அதனால்தான் உரிவதும் வெயில் சுடுவதும். அடியில் உயிருள்ள தோல் தடிக்கத்தான் செய்யும். இது புது மருந்தும் அல்ல, அமெரிக்காவில் பருவுக்கு அனுமதி கிடைத்தது 1971இல். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் கிளிக்மன்தான் இதைப் பருவுக்குக் கொண்டுவந்தவர். ஹோம்ஸ்பர்க் சிறைக் கைதிகளை வைத்து அவர் நடத்திய சோதனைகள் பின்னாளில் பெரிய அவப்பெயர் ஆயின. ட்யூபைக் கையில் எடுக்கும்போது சில நேரம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

தோலை மெலிய வைப்பது ஸ்டீராய்டு. அதைப் பற்றி அடுத்த கேள்வியே வந்திருக்கிறது.

கேள்வி: தோழி ஒரு கிரீம் கொடுத்தாள். நாலே நாளில் பரு அமுங்கி, முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. இரண்டு மாதம் பூசினேன். தீர்ந்ததும் விட்டுவிட்டேன். ஒரே வாரத்தில் முகம் முழுக்கச் சிவந்து, பொடிப்பொடியாகப் பரு. மறுபடி பூசினால் அடங்குகிறது, விட்டால் வருகிறது.

பதில்: வந்த கேள்விகளில் என்னை உட்கார வைத்தது இதுதான். ட்யூபின் பெட்டி இருந்தால் எடுங்கள். சின்ன எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், டெக்சாமெத்தசோன், இவற்றில் ஒன்று இருக்கிறதா? இருந்தால் அது ஸ்டீராய்டு. வீக்கத்தையும் சிவப்பையும் நாலு நாளில் அமுக்கும். பருவின் மூலத்தைத் தொடாது. நாளாக ஆகத் தோல் மெலிந்து, நரம்பு நரம்பாகச் சிவப்புக் கோடு தெரியும், முடி வளரும், ஸ்டீராய்டாலேயே புதுப் பரு வரும். விட்டதும் எல்லாம் சேர்த்துப் பொங்கும்.

இதில் ஒரு குழப்பம் உண்டு. 1975இல் கிளிக்மனும் வில்லிஸும் ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், டெக்சாமெத்தசோன் மூன்றையும் கலந்து ஒரு கலவை வெளியிட்டார்கள். முகத்தின் கரும்படலத்துக்கு. அந்த வழியில் வந்த கிரீம்களை மருத்துவர் குறிப்பிட்ட காலத்துக்கு எழுதுவதுண்டு. அவற்றிலும் ட்ரெட்டினாயின் இருப்பதால் "இதுவும் பரு கிரீம்தானே" என்று பூசுகிறவர்கள் அதிகம்.

பெட்டியிலோ ட்யூபிலோ எதுவுமே எழுதவில்லை என்றால் இன்னும் மோசம், அதையும் எடுத்துக்கொண்டு போங்கள். எப்படி நிறுத்துவது, பொங்குவதை எப்படிச் சமாளிப்பது என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும். சில வாரம், சிலருக்குச் சில மாதம் ஆகும். இடையில் தாங்க முடியாமல் பழைய ட்யூபை எடுத்துவிடுவார்கள் என்பதால் முன்கூட்டியே சொல்கிறேன். தோழியைத் திட்டாதீர்கள். அவள் முகத்தையும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள், அவளையும் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கும்.

கேள்வி: நாள் தள்ளிப்போய் நேற்றுதான் உறுதியானது. போன வாரம் வரை அடாபலீன் பூசினேன். பயமாக இருக்கிறது.

பதில்: முதலில் வாழ்த்துகள். பயப்படாதீர்கள். பூசும் ரெட்டினாய்டு ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. முன்னெச்சரிக்கைக்காகத்தான் கர்ப்பத்தில் வேண்டாம் என்கிறார்கள். ரெட்டினாய்டுகளில் டாசரோட்டீன் அறவே கூடாத வகை. இன்றோடு நிறுத்திவிட்டு, அடுத்த முறை போகும்போது மருத்துவரிடம் சொல்லுங்கள். பரு தொல்லை கொடுத்தால் கர்ப்பத்தில் வழக்கமாக எழுதும் மருந்து அசெலிக் அமிலம்.

கேள்வி: பரு போய்விட்டது. கறுப்புத் தடமும் குழியும் போகவில்லை.

பதில்: இரண்டும் வேறு வேறு. விரலால் தடவிப் பாருங்கள். வழவழவென்று இருந்து நிறம் மட்டும் கறுத்திருந்தால் அது தடம். மாநிறத்துக்கும் கறுத்த நிறத்துக்கும் அதிகம் வரும், மாதக்கணக்கில் நிற்கும், ஆனால் மங்கும். அசெலிக் அமிலமும் ரெட்டினாய்டும் உதவும். வெயிலில் சன்ஸ்கிரீன் இல்லாமல் திரிந்தால் இரண்டுமே வீண். விரல் பள்ளத்தில் இறங்கினால் அது குழி. ஆழமான குழியை எந்தக் கிரீமும் நிரப்பாது. அதற்கு மருத்துவர் கையால் செய்யும் சிகிச்சைகள் தனி.

கேள்வி: நெற்றியில் ஒரே அளவில் பொடிப்பொடியாக, பயங்கர அரிப்பு. பரு கிரீம் எதுவும் கேட்கவில்லை.

பதில்: அரிப்பு என்றதுமே சந்தேகம் வருகிறது. மலசீசியா என்ற பூஞ்சையாலும் இப்படி வரும். ஆன்டிபயாட்டிக் போட்டால் இன்னும் அதிகமாகும். மருத்துவரிடம் காட்டுங்கள், மருந்தே வேறு.

கேள்வி: வயது 34. மாதவிலக்குக்கு ஒரு வாரம் முன்னால் தாடையில் மட்டும் கட்டி கட்டியாக வருகிறது.

பதில்: ஹார்மோன் வேலையாக இருக்கலாம். ஆண்ட்ரோஜன் என்ற ஹார்மோனைத் தோலிலேயே தடுக்கும் கிளாஸ்கோட்டெரோன் 1% கிரீமுக்கு 2020இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் ஆழமான கட்டிகளுக்குக் கிரீம் மட்டும் பெரும்பாலும் போதாது, மாத்திரையும் சேர வேண்டியிருக்கும். மாதவிலக்கு தள்ளித் தள்ளி வருகிறதா, முகத்தில் முடி வளர்கிறதா என்பதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: மேலுதட்டில் வாக்ஸ் போட்டேன். தோலோடு வந்துவிட்டது!

பதில்: ரெட்டினாய்டு பூசும் இடத்தில் வாக்ஸ் வேண்டவே வேண்டாம். இப்போதைக்குப் பெட்ரோலியம் ஜெல்லி மட்டும். ஆறும்வரை மருந்தை அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

கேள்வி: மேடம், என் பையனுக்கு வயது 14. கிரீம் வாங்கி ஒரு மாதம் ஆகிறது, ட்யூப் அப்படியே இருக்கிறது. நான் சொன்னால் எரிந்து விழுகிறான்.

பதில்: ட்யூபை அவன் பல் துலக்கும் பிரஷ் பக்கத்தில் வைத்துவிடுங்கள். பூசினாயா என்று கேட்காதீர்கள். இரண்டு வாரம் கழித்து நீங்களே தூக்கிப் பாருங்கள், எடை குறைந்திருக்கிறதா என்று. அந்த வயதில் எனக்கும் பருவைவிட, "முகத்தில் என்ன?" என்று வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் கேட்டதுதான் அதிகம் வலித்தது. ஒருவேளை அவன் ஒருமுறை பூசி, எரிந்து, சொல்லாமல் விட்டிருக்கலாம். மாய்ஸ்சரைசர் ஒன்றும் வாங்கிக் கூடவே வையுங்கள்.

கேள்வி: எட்டு மாதம் ஆகிறது, முகம் சுத்தமாகிவிட்டது. நிறுத்தலாமா அக்கா?

பதில்: ஆன்டிபயாட்டிக் ஜெல் இருந்தால் அது இவ்வளவு நாள் ஓடியிருக்கவே கூடாது. ரெட்டினாய்டைச் சட்டென்று விடாமல், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு வாரம் இரண்டு மூன்று இரவாகக் குறையுங்கள். நான் இன்றும் அப்படித்தான் பூசுகிறேன். போன வருடம் "இந்த வயதில் இனி என்ன" என்று மூன்று மாதம் விட்டுப் பார்த்தேன். இடது தாடை, அதே பழைய இடம், இரண்டு வந்து உட்கார்ந்தன.