பந்தும் பாட்டும்: டேமியன் லில்லார்ட் குறித்த கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் ஆடும் டேமியன் லில்லார்ட், 'டேம் டாலா' என்ற பெயரில் ராப் ஆல்பங்களும் வெளியிடுகிறார். அவரைப் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: நான் ஆட்டம் மட்டும் பார்ப்பவன். இவருடைய பாடல்கள் உண்மையிலேயே கேட்கத் தகுந்தவையா? புகழை வைத்து விற்கப்படுபவையா?

பதில்: கேட்கத் தகுந்தவை. 2016 அக்டோபரில் வந்த முதல் ஆல்பமான 'தி லெட்டர் ஓ'விலேயே லில் வெய்ன் போன்ற பெரிய கலைஞர்கள் உடன் பாடியிருக்கிறார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் லில்லார்ட் ஒடுங்கிப் போகவில்லை என்பதுதான் முக்கியம். சொற்களை அவசரமின்றி, தெளிவாக உச்சரிப்பார். தன் ஊர், குடும்பம், விசுவாசம் ஆகியவற்றைத்தான் திரும்பத் திரும்பப் பாடுகிறார். ஆடம்பரத்தையும் வசைச்சொல்லையும் நம்பிப் பாட்டு எழுதுபவர் அல்லர்.

கேள்வி: சட்டையில் ஏன் பூஜ்யம்?

பதில்: அது எண் அன்று, 'ஓ' என்ற ஆங்கில எழுத்து. பிறந்து வளர்ந்த ஓக்லாந்து, வீபர் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படித்த ஆக்டன், 2012 முதல் போர்ட்லாந்து அணிக்காகத் தொழில்முறையாக ஆடிய ஆரெகன் மாநிலம் ஆகிய மூன்றுக்கும் ஆங்கிலத்தில் அதுவே முதலெழுத்து. முதல் ஆல்பத்தின் பெயரும் அதிலிருந்து வந்ததுதான்.

கேள்வி: வணக்கம் ஐயா. என் தம்பி, "பாட்டில் கவனம் போனதால்தான் லில்லார்டுக்குச் சாம்பியன் பட்டம் கிடைக்கவில்லை" என்று சாதிக்கிறான். என்ன பதில் சொல்வது?

பதில்: தேதிகளை எடுத்துக் காட்டுங்கள். என்.பி.ஏ. பருவம் அக்டோபர் பிற்பகுதியில் தொடங்கும். அவருடைய முதல் மூன்று ஆல்பங்களும் 2016 அக்டோபர், 2017 அக்டோபர், 2019 ஆகஸ்ட் மாதங்களில், அதாவது பருவம் தொடங்கும் முன்பே வெளிவந்துவிட்டன. மூன்றாவது ஆல்பம் வந்த அதே 2019இல், ஏப்ரல் 23 அன்று, ஓக்லஹோமா சிட்டி அணிக்கு எதிராக 37 அடி தொலைவிலிருந்து அவர் எறிந்த பந்து, ஆட்டம் முடியும் மணி ஒலிக்கும்போது கூடைக்குள் விழுந்து, பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றில் அந்தத் தொடரையே முடித்து வைத்தது. அன்று அவர் எடுத்தவை 50 புள்ளிகள். 2023 பிப்ரவரியில் ஹூஸ்டனுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 71. கவனம் சிதறியவர் ஆடும் ஆட்டமா இது? பட்டம் கிடைக்காததற்குக் காரணம் தேடினால் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான மேற்குப் பிரிவின் கடும் போட்டியைப் பாருங்கள். 2019 பிரிவு இறுதியில் கோல்டன் ஸ்டேட் அணி போர்ட்லாந்தை 4–0 என்று வீழ்த்தியது. பாட்டின் மேல் பழி போடுவது அநியாயம்.

கேள்வி: ஆட்டக்காரர் ராப் பாடுவதில் முன்னாள் என்.பி.ஏ. நட்சத்திரம் ஷாகில் ஓ'நீல்தானே முன்னோடி? இருவரில் யார் சிறந்தவர்?

பதில்: வழி திறந்தவர் ஷாக்தான், சந்தேகமில்லை. 1993இல் வந்த 'ஷாக் டீசல்' அமெரிக்காவில் பிளாட்டினம் தகுதி பெற்றது, அதாவது பத்து லட்சம் பிரதிகள். 1996 ஆல்பத்தில் புகழ்பெற்ற ராப் பாடகர் நொட்டோரியஸ் பி.ஐ.ஜி. அவரோடு பாடினார். அந்த வணிக வெற்றியை இன்றுவரை வேறெந்த ஆட்டக்காரரும் எட்டவில்லை.

2019இல் ஒரு நேர்காணலில் லில்லார்ட், தான் ஷாக்கைவிடச் சிறந்த ராப் பாடகர் என்றார். ஷாக் பாட்டாலேயே திருப்பி அடித்தார். லில்லார்டும் பாட்டாலேயே பதில் கொடுத்தார். எனக்கு அது மிகவும் பிடித்த மோதல். இருவரும் ராப்பின் பழைய மரபுப்படி, ஒருவர் வரிக்கு ஒருவர் வரி என்று நின்றார்கள். என் தீர்ப்பு: செல்வாக்கில் ஷாக், எழுத்தில் லில்லார்ட். ஷாக்கின் குரலில் உற்சாகம் அதிகம். ஆனால் ஒரு எண்ணத்தைப் பிடித்துப் பாட்டு முழுவதும் கொண்டுபோகும் பொறுமை லில்லார்டிடம்தான் இருக்கிறது.

கேள்வி: என்.பி.ஏ. ஆட்டக்காரர் ஆலன் ஐவர்சனும் பாடினார் என்று கேள்விப்பட்டேன். அந்த ஆல்பம் எங்கே?

பதில்: வரவே இல்லை. 2000இல் வெளியான அவருடைய ஒரு பாடலில் பெண்களையும் ஓரினச் சேர்க்கையாளர்களையும் இழிவுபடுத்தும் வரிகள் இருந்தன. அப்போதைய என்.பி.ஏ. ஆணையர் டேவிட் ஸ்டெர்ன் அவரை அழைத்துப் பேசினார். கடைசியில் ஆல்பம் நின்றுபோனது. அந்த வரிகள் கண்டிக்க வேண்டியவையே. இன்னொரு என்.பி.ஏ. ஆட்டக்காரரான கோபி பிரையண்டும் அதே ஆண்டு ஒரு பாடலை வெளியிட்டார். அவருடைய ஆல்பமும் வெளிவராமலே போனது.

கேள்வி: என் மகள் பள்ளி அணியில் ஆடுகிறாள், பாட்டும் எழுதுகிறாள். ஒன்றை விடச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. லில்லார்ட் இன்ஸ்டாகிராமில் வெள்ளிக்கிழமைதோறும் நான்கு வரி என்றொரு பழக்கத்தைத் தொடங்கினார். தானும் பாடிப் பதிவிட்டு, யார் வேண்டுமானாலும் பாடி அனுப்பலாம் என்று அழைத்தார். வாரம் நான்கு வரி என்பது பயிற்சியையும் படிப்பையும் கெடுக்காது. எழுதும் கை மட்டும் ஓயாமல் இருக்கும். உங்கள் மகளும் அப்படித் தொடங்கட்டும். எழுதியதை வீட்டில் யாராவது ஒருவர் உட்கார்ந்து கேளுங்கள்.

கேள்வி: இப்போது எந்த அணி?

பதில்: 2023இல் மில்வாக்கி அணிக்குச் சென்றார். 2025 ஏப்ரலில் பிளேஆஃப் ஆட்டத்தில் குதிகால் தசைநார் கிழிந்தது. அந்த அணி விடுவித்ததும் ஜூலையில் போர்ட்லாந்துக்கே திரும்பி ஒப்பந்தம் செய்துகொண்டார்.

கேள்வி: எந்தப் பாடலிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

பதில்: முதல் ஆல்பத்தில் 'வாசாட்ச் ஃபிரண்ட்'. ஆக்டன் நகரம் அமைந்திருக்கும் யூட்டா மலையடிவாரப் பகுதியின் பெயர் அது. பெரிய பல்கலைக்கழகங்கள் தேடி வராத ஓர் இளைஞன் ஆட்டக்காரனாக உருவான இடம். அதைக் கேட்டபின் 2019இன் 'பிக் டாலா' ஆல்பத்துக்குப் போங்கள். குரலில் ஏறியிருக்கும் உறுதி உங்களுக்கே தெரியும்.