கேளுங்கோ, சொல்லுறன்: "பொலிஸ் சும்மா மறிக்குமோ?"

போன இதழில, லண்டன் பொலிஸ் கறுப்பினப் பெடியளைக் காரணமில்லாமல் மறிச்சு அநியாயமா நடத்துது எண்டு ஒரு மறுமொழியில ரெண்டு வரி எழுதியிருந்தன். அதுக்குக் கடிதமாயும் வட்ஸ்அப்பிலயும் கனக்க வந்திருக்கு, சிலது கோவத்தோட. அதால இந்தமுறை பக்கம் முழுக்க இந்த விசயம்தான்.

கேள்வி: பிள்ளை, என்ர மகள் குடும்பம் லண்டன் குறொய்டனில இருக்கினம். பேரனுக்குப் பதினைஞ்சு வயசு. அவனோட நெடுகத் திரியிறது ஒரு நைஜீரியாப் பெடியன். போன மாதம் ரெண்டு பேரும் பள்ளிக்கூடம் விட்டு வரேக்க பொலிஸ் மறிச்சு, அந்தப் பெடியனை மட்டும் சுவரோட நிப்பாட்டி பொக்கற், பாக் எல்லாம் கிண்டிப்போட்டு ஒண்டுமில்லை எண்டு விட்டிட்டாங்களாம். எங்கட பேரனைத் தொடவேயில்லை. ஆனா அண்டையில இருந்து இவன் ஒழுங்காச் சாப்பிடுறானில்லை, ஆரோடயும் கதைக்கிறானில்லை. "அந்தச் சிநேகிதத்தை வெட்டிவிடு, பொலிஸ் சும்மா மறிக்குமோ" எண்டு மகளுக்குச் சொன்னன், அவ போனை வைச்சிட்டா. நான் சொன்னதில என்ன பிழை?
*ஒரு அம்மம்மா, கோண்டாவில்*

பதில்: அம்மா, பேரனுக்கு ஒண்டும் வந்திடக்கூடாது எண்ட பயத்தில சொன்னனீங்கள், அது விளங்குது. ஆனா பொலிஸ் சும்மா மறிக்குமோ எண்டு கேட்டால், ஓம், மறிக்கும். பிரித்தானிய அரசாங்கம் வருசாவருசம் தானே வெளியிடுற கணக்கைப் பாருங்கோ. இங்கிலாந்திலயும் வேல்ஸிலயும் ஒரு கறுப்பினத்தவரை றோட்டில மறிச்சுச் சோதிக்கிறதுக்கான வாய்ப்பு ஒரு வெள்ளைக்காரரை விட ஏறக்குறைய 4 மடங்கு, 2020ம் ஆண்டுக் கணக்கில அது 9 மடங்குக்குக் கிட்டப் போயிருந்தது. சோதிக்கிற பத்துப் பேரில ஏழு பேர் அளவில மேற்கொண்டு எந்த நடவடிக்கையும் இல்லாமல் அப்பிடியே விடுபடுகினம். உங்கட பேரன்ர சிநேகிதன் அந்த ஏழு பேரில ஒராள்.

ரெண்டு பெடியள், ஒரே பள்ளிக்கூட உடுப்பு, ஒரே றோட்டு, ஒரே நேரம், ரெண்டு பேரிட்டயும் ஒண்டுமில்லை. ஒருத்தனை மட்டும் சுவரோட திருப்பி நிக்கவிட்டிட்டு மற்றவனை "நீ அங்கால நில்" எண்டால் அந்த மற்றவன் என்னத்தைப் படிப்பான்? தன்ர சிநேகிதன்ர தோல் நிறம்தான் காரணம் எண்டதை ஆரும் சொல்லாமலே அவன் விளங்கிக்கொள்ளுவான், தான் ஒண்டும் செய்யேலாமல் பாத்துக்கொண்டு நிண்டதையும் சேத்து நினைச்சுக்கொண்டிருப்பான். பதினைஞ்சு வயசில அது லேசில விழுங்கேலாத விசயம். கோவம் வராமல் விட்டிருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பன்.

இப்ப நீங்கள் அந்தச் சிநேகிதத்தை வெட்டச் சொன்னால் ரெண்டு பிள்ளையளுக்கும் அடி. உங்கட பேரனுக்கு, அம்மம்மாவும் பொலிஸின்ர பக்கம். அந்தப் பெடியனுக்கு, பொலிஸ் மறிச்சதால ஒரு வீடே கதவைச் சாத்திப்போட்டுது. அவன் செய்யாத ஒண்டுக்கு ரெண்டாம் தரம் தண்டனை.

பேரனுக்கு நீங்களே போன் எடுங்கோ. அண்டைக்கு என்ன நடந்தது எண்டு கேளுங்கோ, இடையில குறுக்கிடாதேங்கோ. பேந்து அந்தப் பெடியன் எப்பிடி இருக்கிறான் எண்டு அவன்ர பேரைச் சொல்லி விசாரியுங்கோ. மகளும் தானா உங்களோட கதைப்பா.

கேள்வி: அக்கா, 2020ல அமெரிக்காவில பொலிஸ்காரர் கழுத்தில முழங்காலை ஊண்டிக் கொலை செய்த கறுப்பினத்தவர் ஜோர்ஜ் ஃபிளொய்ட் பற்றி எங்களுக்குத் தெரியும். அமெரிக்காவில துவக்கு, சரி. லண்டனில அனேகமான பொலிஸ்காரர் துவக்கே வைச்சிருக்கிறேல்லை, பிறகு அங்க என்ன இவ்வளவு பிரச்சினை?
*ஏ.எல் மாணவன், கொக்குவில்*

பதில்: தம்பி, 1824ல நாடோடியளைப் பிடிக்கவெண்டு இங்கிலாந்தில ஒரு சட்டம் போட்டவை. அதில ஒரு பிரிவைத் தூக்கிக்கொண்டு 1970களில பொலிஸ் என்ன செய்ததெண்டால், ஆள் குற்றம் செய்யத் தேவையில்லை, செய்யிற நோக்கத்தோட நிக்கிறான் எண்ட சந்தேகம் காணும், ரெண்டு பொலிஸ்காரர் கோட்ஸில அப்பிடிச் சொன்னால் கேஸ் முடிஞ்சுது. கரீபியன் தீவுகளில இருந்து போன சனத்தின்ர பிள்ளையள்தான் கூட அம்பிட்டினம். அதின்ர உச்சம் 1981 ஏப்ரல், லண்டன் பிறிக்ஸ்ரனில சாதாரண உடுப்பில பொலிஸை இறக்கி ஒரு கிழமைக்குள்ள 943 பேரை மறிச்சவை, கைது செய்தது 118 பேரை. மிச்ச எண்ணூறு சொச்சம் பேர் நடுறோட்டில அவமானப்பட்டு வீட்டை போனவை. அந்தக் கிழமையே பிறிக்ஸ்ரன் பத்தி எரிஞ்சுது. அந்தச் சட்டப் பிரிவை அதே வருசம் நீக்கிச்சினம், 1984ல புதுச் சட்டம் வந்து, மறிக்கிறதெண்டால் நியாயமான காரணம் வேணும் எண்டு எழுதிச்சினம். எழுத்தில மாறினது றோட்டில மாறேல்லை.

ஆனா நீர் கட்டாயம் தெரிஞ்சு வைச்சிருக்க வேண்டியது ஸ்ரீவன் லோறன்ஸின்ர கதை. 1993 ஏப்ரல் 22 இரவு, லண்டன் எல்தம்மில ரெண்டு கறுப்பினப் பெடியள் பஸ்ஸுக்கு நிக்கினம். ஒராள் ஸ்ரீவன், 18 வயசு, மற்றவர் அவரின்ர சிநேகிதன் டுவெய்ன் புறூக்ஸ். வெள்ளைக்காரப் பெடியள் கொஞ்சப்பேர் வந்து ஸ்ரீவனைக் கத்தியால குத்திப்போட்டு ஓடிட்டினம். டுவெய்ன் ஓடிப்போய் அம்புலன்ஸுக்கு அடிக்கிறார். வந்த பொலிஸ் டுவெய்னை எப்பிடிப் பாத்ததெண்டால், தாக்கப்பட்டவனாயில்லை, கண்ணால கண்ட சாட்சியாயுமில்லை, ஏதோ குழப்படிக்காரனா. சிநேகிதன் றோட்டில ரத்தம் சிந்திச் சாகிறான், பக்கத்தில நிக்கிறவனைச் சந்தேகத்தோட விசாரிக்கினம். குத்தினவை எண்டு சிலரின்ர பேர் ரெண்டொரு நாளிலயே பொலிஸுக்குக் கிடைச்சிட்டுது, கைது செய்ய ரெண்டு கிழமை எடுத்தது. லண்டன் வந்திருந்த மண்டேலா தாய் தேப்பனைச் சந்திச்சது மே 6, கைது தொடங்கினது மே 7. ரெண்டு பேருக்குத் தீர்ப்புக் கிடைச்சது 2012ல, 18 வருசத்துக்குப் பிறகு.

தாய் டொறீனும் தேப்பன் நெவிலும் விடாமல் நிண்டதாலதான் விசாரணைக்குழு வந்தது, அந்தக் குழுவின்ர 1999 மக்பேர்சன் அறிக்கை லண்டன் பொலிஸில நிறுவனமாவே, அதாவது ஒண்டு ரெண்டு ஆளில இல்லை, அமைப்பு நடக்கிற முறையிலயே இனவாதம் இருக்கெண்டு எழுதிச்சுது. 2023 மார்ச்சில லூயிஸ் கேசி எண்டவ லண்டன் பொலிஸை ஆராய்ஞ்சு எழுதின அறிக்கையும் அதையேதான் சொல்லுது. இடையில 24 வருசம். பொலிஸ் கொமிஷனர் அறிக்கை கண்ட குறையளை ஒத்துக்கொண்டார், "நிறுவனமாவே" எண்ட சொல்லை மட்டும் தான் பாவிக்க மாட்டன் எண்டிட்டார்.

கேள்வி: பொலிஸ் சோதிக்கிறதால ஒரு பிள்ளைக்கு அப்பிடி என்ன பாதிப்பு வரும்? காயமில்லை, கேஸுமில்லை. நாங்கள் கொஞ்சம் பெருப்பிக்கிறமோ?
*ஆசிரியை, மானிப்பாய்*

பதில்: ரீச்சர், 2020 டிசம்பரில லண்டன் ஹக்னியில ஒரு பள்ளிக்கூடம். 15 வயசுக் கறுப்பினப் பிள்ளை, சோதினை எழுதிக்கொண்டிருக்கிறாள். கஞ்சா மணக்குது எண்டு சந்தேகப்பட்டு ஆசிரியர்மார் பாக்கைப் பாக்கினம், ஒண்டுமில்லை. பிறகு பொலிஸைக் கூப்பிட, பெண் பொலிஸ் ரெண்டு பேர் அந்தப் பிள்ளையை மருத்துவ அறைக்குள்ள கொண்டுபோய் உடுப்பு முழுக்கக் களட்டிச் சோதிக்கினம். அப்ப அவளுக்கு மாதவிடாய், அது தெரிஞ்சும் செய்தவை. தாய்க்குச் சொல்லேல்லை, உள்ள பெரியவர் ஒராளும் துணைக்கில்லை. அதுக்குப் பிறகும் ஒண்டும் அம்பிடேல்லை. அவளைத் திரும்பச் சோதினை மண்டபத்துக்கே அனுப்பிச்சினம்.

நீங்களும் பிள்ளையளுக்குச் சோதினை வைக்கிறனீங்கள். அந்தக் கதிரையில வந்து குந்தின பிள்ளை அடுத்த கேள்வியை எப்பிடி வாசிச்சிருப்பாள்?

2022ல வந்த விசாரணை அறிக்கை, இனவாதம் பெரும்பாலும் இதில பங்கு வகிச்சிருக்கும் எண்டு எழுதிச்சுது. 2025ல ரெண்டு பொலிஸ்காரரை வேலையால நிப்பாட்டிச்சினம், இனம்தான் காரணம் எண்டது நிரூபிக்கப்படேல்லை எண்டு அந்த ஒழுக்காற்றுக் குழு சொன்னதையும் நான் மறைக்கேல்லை. ஆனா இது ஒரு பிள்ளையின்ர கதையில்லை. இங்கிலாந்தின்ர சிறுவர் ஆணையாளர் கணக்கெடுக்க, 2018இல இருந்து 2022 நடுப்பகுதி வரைக்கும் இங்கிலாந்திலயும் வேல்ஸிலயும் 2,847 தரம் பிள்ளையளை இப்பிடி உடுப்புக் களட்டிச் சோதிச்சிருக்கினம், அதில பாதிக்கு மேல துணைக்குப் பெரியவர் இல்லாமல். கறுப்பினப் பிள்ளையளுக்கு இது நடக்கிற வாய்ப்பு 6 மடங்கு வரை.

அமெரிக்காவில 2014ல வந்த ஒரு ஆய்வில, கறுப்பினப் பெடியளின்ர படத்தைக் காட்டி இவன் பாரக் குற்றத்தில சந்தேகநபர், வயசைச் சொல்லுங்கோ எண்டால், உள்ள வயசை விட சராசரி நாலரை வயசு கூடச் சொல்லியிருக்கினம். அதே வருசம் நவம்பரில கிளீவ்லாண்ட் நகரத்தில தமீர் றைஸ் எண்ட பிள்ளை ஒரு பூங்காவில விளையாட்டுத் துவக்கோட நிண்டது. போன் எடுத்துச் சொன்னவர், துவக்கு பொய்யா இருக்கலாம், ஆள் சின்னப்பிள்ளை போல கிடக்கு எண்டும் சொன்னவர், அது பொலிஸ்காரருக்குப் போய்ச் சேரேல்லை. கார் வந்து நிண்டு ரெண்டு செக்கனுக்குள்ள வெடி. பிறகு றேடியோவில பொலிஸ்காரர் சொன்னது, வயசு 20 இருக்கும் எண்டு. பிள்ளைக்கு 12 வயசு. தம்பி எண்டு ஓடிவந்த 14 வயசுத் தமக்கையை நிலத்தில விழுத்திக் கைவிலங்கு போட்டவை.

காயமில்லை எண்டு கேட்டியள். பொலிஸ் மறிச்ச பெடியளை 6, 12, 18 மாதம் எண்டு தொடர்ந்து பாத்த ஒரு அமெரிக்க ஆய்வு 2019ல வந்தது. மறிபட்ட பெடியள்தான் பிறகு கூடக் குழப்படியில இறங்கியிருக்கினம், முதல்ல குழப்படி செய்யாத பெடியளும் அப்பிடித்தான், எவ்வளவு சின்ன வயசில மறிபட்டினமோ பாதிப்பும் அவ்வளவு கூட. குற்றத்தைத் தடுக்கவெண்டு செய்யிறது குற்றத்தை வளக்குது. நியூயோர்க்கில பொலிஸைக் குவிச்ச இடங்களில கறுப்பினப் பெடியளின்ர பள்ளிக்கூடப் புள்ளியே இறங்கினதா இன்னொரு ஆய்வு இருக்கு. இல்லை ரீச்சர், நாங்கள் பெருப்பிக்கேல்லை.

கேள்வி: எங்கட சனம் பட்ட பாட்டையே கேக்க நாதியில்லை. நீங்கள் ஏன் கறுப்பருக்காக இவ்வளவு கதைக்கிறியள்?
*சாவகச்சேரி வாசகர்*

பதில்: அண்ணை, எங்கட சனம் பட்டதாலதான் கதைக்கிறன். 1979ல மூண்டு வருசத்துக்கெண்டு தற்காலிகமாக் கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச்சட்டம் இண்டைக்கும் எங்கட பெடியளின்ர தலைக்கு மேல நிக்குது. சுற்றிவளைப்பில, முகத்தை மூடிக்கொண்டு ஆளைக் காட்டிக்குடுக்கிற தலையாட்டிக்கு முன்னால வரிசையா நடந்த ஆக்கள் இந்த ஊரில இப்பவும் இருக்கினம். 2007 யூனில கொழும்பு லொட்ஜுகளில நிண்ட தமிழ்ச் சனத்தை விடியப்புறம் எழுப்பி பஸ்ஸில ஏத்தி வவுனியாப் பக்கம் அனுப்பினவை, உயர்நீதிமன்றம் தடுத்த பிறகுதான் அது நிண்டது. அந்தச் சனம் செய்த குற்றம் என்ன? 2016 ஒக்டோபரில குளப்பிட்டியில மோட்டச்சைக்கிளில வந்த பல்கலைக்கழகப் பெடியள் ரெண்டு பேர் செத்ததை முதல்ல விபத்தெண்டுதான் சொன்னவை, துவக்குச்சூடெண்டு பிறகுதான் வெளியில வந்தது, பொலிஸ்காரர் ஐஞ்சு பேர் கைதாச்சினம்.

அந்த நேரங்களில தெற்கில கனபேர் சொன்னது என்ன, "ஏதோ செய்திருப்பாங்கள், இல்லாட்டி ஏன் பிடிக்கினம்?" அந்த வசனம் எங்களுக்கு எப்பிடிச் சுட்டது எண்டு உங்களுக்குத் தெரியும். இப்ப அதையே நாங்கள் லண்டனிலயும் ரொறன்ரோவிலயும் இருக்கிற கறுப்பினப் பிள்ளையளைப் பாத்துச் சொல்லுறம், வீட்டுக்குள்ள அவையளைக் கூப்பிடுற பேரும் எனக்கு வெக்கமாக் கிடக்கு. இரக்கத்துக்கு அளவு ஒண்டும் இல்லை அண்ணை, அவைக்குக் குடுத்தால் எங்களுக்குக் குறையாது.

கேள்வி: எல்லாப் பொலிஸ்காரரும் இனவாதியள் எண்டுறியளோ?
*வாசகர், சுன்னாகம்*

பதில்: இல்லை. கறுப்பினப் பொலிஸ்காரரும் அங்க இருக்கினம், அவையும் இதுக்குள்ள அகப்பட்டவைதான். கேசி அறிக்கையின்படி லண்டன் பொலிஸில ஒழுக்காற்று விசாரணைக்குள்ள இழுபடுற வாய்ப்பு வெள்ளை அலுவலரை விடக் கறுப்பின அலுவலருக்கு 81 வீதம் கூட. தனி ஆளின்ர குணத்தை நல்லதாக்கி மட்டும் தீராது, ஆரை மறிக்கிறது எண்டதை மேலதிகாரி கேள்வி கேக்கிற முறை வேணும்.

கேள்வி: அக்கா, நான் லண்டன் ஹரோவில இருக்கிறன், மகனுக்கு 14. எங்கட பெடியளையும் மறிக்கிறாங்கள். அவனுக்கு என்ன சொல்லிக் குடுக்கிறது?
*ஒரு தாய்*

பதில்: தங்கச்சி, அமெரிக்காவில கறுப்பினத் தாய் தேப்பன்மார் தலைமுறையா இந்தக் கதையைப் பிள்ளையளுக்குச் சொல்லிக்கொண்டு வருகினம், ஓடாத, கையைப் பொக்கற்றுக்குள்ள விடாத, குரலை உயர்த்தாத எண்டு. ஒரு பிள்ளை இதைப் பாடமாக்க வேண்டியிருக்கிறதே அநியாயம், எண்டாலும் சொல்லுங்கோ. அதோட உரிமையையும் சேத்துச் சொல்லுங்கோ, பயத்தை மட்டும் குடுத்து விடாதேங்கோ.

சோதிக்க முதல் பொலிஸ் தன்ர பேர், ஸ்டேசன், என்னத்தைத் தேடுறன், ஏன் சந்தேகம், எந்தச் சட்டத்தில செய்யிறன் எண்டெல்லாம் சொல்ல வேணும், அதை அமைதியாக் கேக்கச் சொல்லுங்கோ. றோட்டில வைச்சு மேல்கோட், ஜக்கெற், கையுறை தவிர வேற ஒண்டையும் பொதுவாக் களட்டச் சொல்லேலாது. சோதனைக்கு நிண்டதுக்காகப் பேர், விலாசம் குடுக்க வேண்டியதும் பொதுவா இல்லை. போனில வீடியோ எடுக்கலாம், மகனைத்தான் சோதிக்கிறதெண்டால் பக்கத்தில நிக்கிற சிநேகிதன் எடுக்கிறது நல்லது. ஒண்டு கவனம், சில இடங்களில குறிச்ச நேரத்துக்குச் சந்தேகமே இல்லாமல் மறிக்கிற அதிகாரமும் குடுத்து வைச்சிருக்கினம், 1994 சட்டத்தின்ர 60ம் பிரிவு, அப்பவும் எந்தச் சட்டம் எண்டு சொல்லத்தான் வேணும்.

சோதனைக்குப் பதிவு எழுதுவினம், அதின்ர பிரதியை அந்த இடத்திலயே கேக்கலாம், விட்டுப்போனால் 3 மாதத்துக்குள்ள ஸ்டேசனில கேட்டு எடுக்கலாம். முறைப்பாடு முதல்ல அந்தப் பொலிஸுக்கே, அவையின்ர முடிவு சரியில்லையெண்டால் மேல சுயாதீன அலுவலகம் இருக்கு. ஆனா பொலிஸ்காரர் நெஞ்சில போட்டிருக்கிற கமெராப் பதிவைக் கன நாள் வைச்சிருக்க மாட்டினம், அதால முறைப்பாடு குடுக்கிறதெண்டால் அதே கிழமை குடுத்து, அந்தப் பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி எழுத்தில கேளுங்கோ.