மூக்கில் இருக்கும் கிருமியும் தாத்தாவின் இருமலும்

கேள்வி: என் மகளுக்கு 4 வயது. காசநோய்க்கு ஒன்றரை மாதமாக மாத்திரை கொடுக்கிறேன். காய்ச்சல் விட்டு, இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாள். சளி ஒழுகுகிறதே என்று தனியார் பரிசோதனைக்கூடம் ஒன்றில் மூக்கில் பஞ்சுக் குச்சி விட்டுப் பார்த்தோம். நிமோகாக்கஸ் என்ற கிருமி வளர்ந்திருப்பதாக எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மருந்துக்கடைக்காரர் லீவோஃபிளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா? வீட்டில் மற்ற எல்லோரும் நலம். மாமனாருக்கு மட்டும் பீடி இருமல்.
– ஒரு தாய், தாராவி, மும்பை

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு மேலே படியுங்கள்.

நிமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ், மொராக்செல்லா எல்லாம் சின்னக் குழந்தைகளின் மூக்குக்குப் பின்புறம் குடியிருப்பவை. உங்கள் சந்துப் பால்வாடியில் ஓடியாடும் பிள்ளைகளைச் சோதித்தாலும் பலரிடம் அகப்படும். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில், காசநோய்ச் சந்தேகத்தோடு மருத்துவமனையில் சேர்ந்த குழந்தைகளைப் பார்த்தபோது, நோய் உறுதியானவர்கள் மூக்கிலும் இவை இருந்தன, உறுதியாகாதவர்கள் மூக்கிலும் இருந்தன. திண்ணையில் படுத்திருப்பவன் உள்ளறைக்குள் புகுந்துவிட்டான் என்று சொல்ல முடியுமா?

நோயைக் கண்டுபிடிக்க, காலையில் வெறும் வயிற்றில் மூக்கு வழியாகக் குழாய் விட்டிருப்பார்கள். அது வேறு. குழந்தைகளுக்குக் காறித் துப்பத் தெரியாது, சளியை விழுங்கிவிடுவார்கள். அதை வயிற்றிலிருந்து எடுக்கிற வழி அது.

நீங்கள் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் மாத்திரையில் ரிஃபாம்பிசின் இருக்கிறது. சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்குகிறதே, அதுதான். காசநோய்க் கிருமியோடு நிற்காமல் மூக்கில் இருப்பவற்றையும் அது தாக்கும். தாக்குப்பிடித்தவை மிஞ்சும். மிஞ்சியதற்கெல்லாம் இன்னொரு ஆன்டிபயாடிக் என்று கிளம்பினால் முடிவே இல்லை. அதிலும் லீவோஃபிளாக்சசின், வழக்கமான மாத்திரைக்கு அடங்காத காசநோய்க்காக நாங்கள் பொத்திப் பொத்தி வைத்திருக்கும் மருந்து. மூக்குச் சளிக்கு அதை எடுத்து நீட்டும் கடைக்காரர்மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது.

காசநோய் பிடித்த நுரையீரலில் நிமோனியாவும் சேர்ந்துகொள்ளலாம் என்பது உண்மை. அதைக் காட்டிக்கொடுப்பது மூச்சு. அவள் தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். வயிறு ஒருமுறை ஏறி இறங்கினால் ஒன்று. 40-ஐ எட்டினாலோ, மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, விட்ட காய்ச்சல் திரும்பினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

போகிறபோக்கில் எழுதினீர்களே ஒரு வரி, என்னை உறுத்துவது அதுதான். இந்த வயதுக் குழந்தைக்குக் காசநோய் பெரும்பாலும் கூடவே இருந்து இருமும் பெரியவரிடமிருந்துதான் வருகிறது. பீடி இருமல் என்று யார் முடிவு கட்டியது? நாளைக் காலையிலேயே மாமனாரின் சளியை அரசு மருத்துவமனையில் சோதிக்கக் கொடுங்கள். காசு கேட்க மாட்டார்கள். அவர் முறுக்கிக்கொண்டால், பேத்திக்காக என்று சொல்லிப் பாருங்கள்.