வெப்பமண்டலக் கடற்கரையில் சர்ஃபிங்: புதியவர், ஓரளவு தெரிந்தவர், தேர்ந்தவர் ஆகியோருக்கு ஏற்ற இடத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேள்வி கேட்டவர், மூன்று நண்பர்கள் சேர்ந்து ஒரே கடற்கரைக்குப் போவதாகச் சொல்கிறார். ஒருவர் போர்டையே தொட்டதில்லை. இன்னொருவருக்கு எழுந்து நின்று நேராகக் கரைக்கு வரத் தெரியும். மூன்றாமவர் நன்றாகத் தேர்ந்தவர். மூவருக்கும் ஒத்துவரும் இடம் எது என்பது அவருடைய கேள்வி.

எந்தக் கடற்கரைக்குப் போனாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றுதான்: இங்கே விழுந்தால் என்ன ஆகும்? அலையின் அழகும் இடத்தின் புகழும் அப்புறம். புதியவர் ஏறக்குறைய எல்லா அலையிலும் விழுவார். ஓரளவு தெரிந்தவர் பெரும்பாலும் போர்டில் எழும் நொடியில், அதாவது அலை மிகச் செங்குத்தாக இருக்கும் நேரத்தில் விழுவார். தேர்ந்தவர் குறைவாகத்தான் விழுவார், ஆனால் அவர் தேடிப்போகும் அலை விழுந்தவரைச் சும்மா விடாது. ஆகவே அடியில் இருப்பது மணலா பாறையா, எவ்வளவு ஆழம், விழுந்தபின் நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும் என்று தெரிந்துவிட்டால் பாதி முடிவு எடுத்த மாதிரிதான்.

அலை பொதுவாகத் தன் உயரத்தைவிடச் சுமார் 1.3 மடங்கு ஆழமுள்ள தண்ணீருக்கு வரும்போது உடையும். ஒரு மீட்டர் அலை என்றால் இடுப்புக்கு மேல், நெஞ்சளவுத் தண்ணீர். தரை மெல்ல மெல்ல மேலேறி வந்தால் அலையின் உச்சி நுரையாக வழிந்து நிதானமாக உடையும். ஹவாயின் வைக்கீக்கியில் புதியவர்கள் நீளமான போர்டில் வெகுதூரம் வர முடிவது இதனால்தான். தரை திடீரென்று உயர்ந்தால் உச்சி முன்னால் பாய்ந்து குழாயாகச் சுருண்டு விழும். 2024 ஒலிம்பிக் சர்ஃபிங் நடந்த, பசிபிக் தீவான தாஹிட்டியின் தியாஹூபோவில் ஆழ்கடலிலிருந்து வரும் அலை நேராகப் பவளத்திட்டில் மோதுகிறது. அங்கே விழுபவருக்கும் பவளத்துக்கும் நடுவே தண்ணீர் மிகக் குறைவு.

மணல் என்றாலே பாதுகாப்பு என்று நினைத்துவிட வேண்டாம். கால் வைக்கும் இடத்திலேயே கரை சரிவாக இறங்கினால் அலை உள்ளே எங்கும் உடையாமல் கரை ஓரத்தில் வந்து மொத்தமாகக் கொட்டும். பார்க்கச் சின்ன அலைதான், ஆனால் கழுத்தும் முதுகெலும்பும் அடிபடுவது இப்படிப்பட்ட இடங்களில்தான். ஹவாயின் ஓவாஹு தீவில் உள்ள சாண்டி பீச் இதற்குப் பேர்போனது. புதியவருக்கு வேண்டியது தட்டையான, அகலமான மணல் தரை. அலை தூரத்தில் உடைந்து, நுரை இடுப்பளவுத் தண்ணீரில் கரை வரை வர வேண்டும். அந்த நுரையில்தான் அவர் கற்க வேண்டும். எட்டு, ஒன்பது அடி ஃபோம் போர்டு, போர்டைக் காலோடு கட்டும் கயிறான லீஷ், பக்கத்தில் ஒரு பயிற்சியாளர், இவ்வளவு போதும். இலங்கையின் வெலிகம, பாலியின் கூட்டா இரண்டிலும் இத்தனை பயிற்சிப் பள்ளிகள் இருப்பதற்கு அந்த மணல் தரைதான் காரணம்.

எனக்கு அதிகக் கவலை தருபவர் உங்கள் இரண்டாவது நண்பர்தான். நுரையைத் தாண்டி உள்ளே போகும் அளவுக்குக் கைவலு வந்துவிட்டது, கடலைப் படிக்கும் கண் இன்னும் வரவில்லை. அவருக்கு ஒரு மணற்கரையும் ஒரு முனையும் அருகருகே இருந்தால் நல்லது. முனை என்று நான் சொல்வது, கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலமுனையைச் சுற்றி அலை ஒரே திசையில் வரிசையாக உடைந்துகொண்டே வரும் இடம். அங்கே அலை எங்கே தொடங்கும், எந்தப் பக்கம் போகும் என்று முன்கூட்டியே தெரியும். உடையாத ஆழமான பகுதி ஒன்று பக்கத்திலேயே இருப்பதால் திரும்ப உள்ளே போவதும் எளிது. அலையில் போர்டைத் திருப்பிப் பழக இதைவிட நல்ல இடம் இல்லை. கூட்டம்தான் தொல்லை. அலை உடையத் தொடங்கும் இடத்துக்கு மிக அருகில் இருப்பவருக்கே அந்த அலை சொந்தம், அவர் வரும்போது குறுக்கே ஏறக்கூடாது. இந்த விதி பழகாதவர் நெரிசலான முனைக்குப் போனால் அடிபடுவது அவர் மட்டுமல்ல.

அலை முன்னறிவிப்பைப் பார்க்கும்போது உயரத்தோடு நிறுத்திவிடாதீர்கள். ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையிலான நேரத்தையும் பாருங்கள். ஒன்றரை மீட்டர், 8 விநாடி என்பதும் ஒன்றரை மீட்டர், 15 விநாடி என்பதும் வேறு வேறு கடல்கள். 8 விநாடி அலையின் நீளம் ஆழ்கடலில் சுமார் 100 மீட்டர், 15 விநாடி அலைக்கு சுமார் 350 மீட்டர். நீண்ட அலை கொண்டுவரும் ஆற்றல் மிக அதிகம், கரையருகே அது இன்னும் உயர்ந்து நிற்கும். அதோடு அது கூட்டம் கூட்டமாக வரும், நடுவே கடல் வெகுநேரம் அமைதியாகக் கிடக்கும். அந்த அமைதியைப் பார்த்து உள்ளே இறங்குபவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அரை மணி நேரமாவது கரையில் உட்கார்ந்து பாருங்கள். பெரிய அலைக்கூட்டம் ஒன்று வந்து போகும் வரை யாரும் தண்ணீரில் கால் வைக்க வேண்டாம்.

அப்படிப் பார்க்கும்போதே இன்னொன்றையும் தேடுங்கள். இரு பக்கமும் அலை உடைய, நடுவில் மட்டும் உடையாமல் கொஞ்சம் கருத்துத் தெரியும் பட்டை இருந்தால் அது பெரும்பாலும் கடலுக்குள் இழுக்கும் ரிப் நீரோட்டம். புதியவர் கண்ணுக்கு அதுதான் அமைதியான இடமாகத் தெரியும். மாட்டிக்கொண்டால் எதிர்த்து நீந்தாமல் போர்டைப் பிடித்து மிதந்து, கரைக்கு இணையாக விலகி, நுரை வரும் பக்கமாகத் திரும்ப வேண்டும்.

நேரமும், கடல்மட்டம் ஏறி இறங்கும் ஓதமும் ஒரே இடத்தின் தரத்தையே மாற்றிவிடும். வெப்பமண்டலக் கரைகளில் விடியலில் நிலத்திலிருந்து கடலுக்கு மெல்லிய காற்று வீசும், அலை முகம் வழுவழுப்பாக இருக்கும். வெயில் ஏறியதும் கடற்காற்று தொடங்கி எல்லாவற்றையும் கலைத்துவிடும். காலையில் எழ முடியாதவர் நல்ல அலையை மறந்துவிடலாம். ஓதத்தில் இடத்துக்கு இடம் பெரிய வித்தியாசம்: தாஹிட்டியில் ஏற்ற இறக்கம் சுமார் ஓரடிதான், பாலியில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி இரண்டு மீட்டரைத் தாண்டும். காலை ஏற்றத்தில் ஓரளவு தெரிந்தவருக்குத் தோதாக இருந்த பவளத்திட்டு, மதியம் வற்றியபின் தேர்ந்தவரே யோசிக்கும் இடமாகிவிடும். பருவத்தையும் பாருங்கள். பைப்லைன் என்ற பேர்போன அலை உடையும் ஓவாஹுவின் வடகரையில் கோடையில் பல நாட்கள் அலையே இருக்காது, குளிர்காலத்தில் அங்கே புதியவருக்கு வேலையே இல்லை.

சரி, மூன்று பேரும் சேர்ந்து எங்கே போவது? ஒரு பக்கம் நிலமுனை உள்ள வளைந்த குடாவைத் தேடுங்கள் என்பேன். அலை முனையைச் சுற்றி உள்ளே திரும்பும்போது விரிந்து வலுவிழக்கும். முனையில் பெரிதாக உடையும் அதே அலை, குடாவின் உள்பக்கம் சிறிதாகிக் கரைக்கு வரும். இலங்கையின் கிழக்கில் அறுகம் குடா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சுமார் மே முதல் அக்டோபர் வரை அங்கே பருவம். மெயின் பாயின்ட்டில் பாறையும் பவளமும் கலந்த தரையில் நீண்ட அலை, அது தேர்ந்தவருக்கு. குடாவின் உள்ளே இருக்கும் பேபி பாயின்ட்டில் சிறிய அலை. வடக்கே விஸ்கி பாயின்ட், தெற்கே பீனட் ஃபார்ம் என இன்னும் எளிய இடங்கள் வண்டியில் போகும் தூரத்தில். மூவரும் ஒரே இடத்தில் தங்கிக்கொண்டு, கடலில் மட்டும் அவரவர் இடத்துக்குப் பிரிந்து போகலாம்.

தேர்ந்தவருக்கு நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. உள்ளே போகும் வழியோடு வெளியே வரும் வழியையும் தெரிந்துகொண்டு இறங்கினால் சரி. பாலியின் உலுவாட்டுவில் குகை வழியாகத்தான் கடலுக்குள் போகிறார்கள், திரும்பும்போது நீரோட்டம் அந்தக் குகையைத் தாண்டி இழுத்துவிட்டால் மறுபடி ஒரு சுற்று நீந்தி வர வேண்டும். புதிய பவளத்திட்டில் முதல் நாள், அந்த இடத்தை நன்கு அறிந்த ஒருவர் இறங்கும் வரை அவர் காத்திருக்கட்டும். பவளம் கீறினால் சின்னக் காயம்தானே என்று விடாமல் அன்றே நன்றாகக் கழுவிச் சுத்தம் செய்ய வேண்டும், அந்த ஈரத்திலும் வெப்பத்திலும் அது சீக்கிரம் சீழ் பிடிக்கும். பெருமழைக்கு அடுத்த சில நாட்கள் ஆற்று முகத்துவாரங்களை மூவருமே தவிர்த்துவிடுங்கள். தண்ணீர் கலங்கி, அழுக்கோடு மரக்கட்டைகளும் அடித்துக்கொண்டு வரும், மணல் திட்டுகளும் இடம் மாறியிருக்கும்.