ஜூலையில் அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரிக்கரையிலுள்ள டுலூத்திலிருந்து வழிகாட்டிப் படகில் மீன்பிடிக்கப் போகிறோம். வானிலை மாறிக்கொண்டே இருந்தால் லேக் ட்ரவுட் மீன் கிடைக்குமா?

கிடைக்கும். சுப்பீரியர் ஏரியில் மழையை விடக் காற்றின் திசைதான் முக்கியம். லேக் ட்ரவுட் விரும்புவது சுமார் 10 டிகிரி செல்சியஸ் தண்ணீர். வடமேற்குக் காற்று தொடர்ந்து அடித்தால் மேலாக இருக்கும் வெதுவெதுப்பான நீர் கரையை விட்டு நகரும். அடியிலுள்ள குளிர்ந்த நீர் மேலேறும், மீனும் கூடவே மேலே வரலாம். வடகிழக்குக் காற்று என்றால் நேர் எதிர். வெதுவெதுப்பான நீர் கரையோரம் குவியும், மீன் ஆழத்துக்குப் போய்விடும். போதாததற்கு, ஏரியின் நீளவாக்கில் உருண்டு வரும் அலையெல்லாம் டுலூத்தில்தான் வந்து மோதும். அன்று கேப்டன் பயணத்தை ரத்து செய்தால் வாதாடாதீர்கள். வருமானம் போவது அவருக்கும்தான்.

மற்ற நாட்களில் அவர் ஒலியலைகளால் நீருக்கடியில் பார்க்கும் சோனார் கருவியில் மீன் நிற்கும் ஆழத்தைப் பார்த்து, தூண்டிலை ஆழத்துக்குக் கொண்டுபோகும் டவுன்ரிக்கர் கருவியின் கனத்த குண்டை அங்கே இறக்குவார். தூண்டில் நரம்பு அதில் ஒரு கிளிப்பால் மாட்டியிருக்கும். மீன் இழுத்ததும் கிளிப் விடுபட்டு, வளைந்திருந்த கோல் சட்டென்று நிமிரும். உடனே, நரம்பு தளராமல் வேகமாகச் சுற்றுங்கள். மேலே வரும் மீன் குமிழ் விட்டால் பதற வேண்டாம். காற்றுப்பையிலுள்ள காற்றை அது வாய்வழியே விடுகிறது.

அப்புறம், கரையில் வெயில் கொளுத்தினாலும் ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு போங்கள்.