மறு: லைடனில் ஆய்வேட்டுப் பாதுகாப்பு, பதில் தெரியாமல் நின்றுவிட்டால்?

வணக்கம். அடுத்த மாதம் லைடனில் வைவா (முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு), ஊரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள், அவர்கள் முன்னால் பதில் தெரியாமல் திணறினால் என்ன ஆகும் என்று கேட்டிருந்தீர்கள்.

பட்டம் போய்விடும் என்ற பயம் வேண்டாம். நெதர்லாந்தில் தேர்வுக் குழு ஆய்வேட்டைப் படித்து ஏற்றுக்கொண்ட பிறகுதான் இந்த நிகழ்ச்சியே நடக்கும். கேள்விகள் கடுமையாக இருக்கலாம், ஆனால் 45 நிமிடம்தான். நேரம் முடிந்ததும் கையில் கோலோடு ஓர் அலுவலர் வந்து 'ஹோரா எஸ்ட்' (லத்தீனில் 'நேரமாகிவிட்டது') என்பார். பாதி வாக்கியத்தில் இருந்தாலும் நிறுத்திவிடலாம். தெரியாத கேள்வி வந்தால் மழுப்பாதீர்கள். "என் தரவு இதுவரைதான் சொல்கிறது, அதற்கு மேல் அறிய இன்ன சோதனை தேவை" என்று நேராகச் சொல்லுங்கள். அதுவும் நல்ல பதில்தான்.

அப்புறம், பாரனிம்ஃப் (உங்களுக்குத் துணையாக நிற்க நீங்கள் தேர்ந்தெடுக்கும் நண்பர்கள்) இருவரும் உங்களோடு முன்னால் இருப்பார்கள். அதனால் பெற்றோர் பக்கத்தில் தமிழ் தெரிந்த வேறொரு நண்பரை உட்காரவையுங்கள். கேள்விகள் முடிந்ததும் குழு எழுந்து வெளியே போகும். அது வழக்கமான கலந்தாலோசனைதான் என்று அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், பதறமாட்டார்கள். பட்டம் வாங்கியதும் 'வியர்வை அறை'யின் (தேர்வுக்கு வந்தவர்கள் பதற்றத்தோடு காத்திருக்கும் பல்கலைக்கழகத்துச் சிறிய அறை) சுவரில் கையெழுத்துப் போட மறக்காதீர்கள்.